டெபாசிட் போச்சு என்றால் என்னதான் போச்சு?

தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலை, பினாங்கில் எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "அந்த ஆளுக்கு டெபாசிட்டே போச்சாம்." சொல்பவர் சிரிப்பார், கேட்பவரும் சிரிப்பார். சரி, டெபாசிட் போவது என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். அது அபராதம் என்பார் ஒருவர். அந்தப் பணம் ஜெயித்தவருக்குப் போகும் என்பார் இன்னொருவர். இனி அந்த மனிதர் தேர்தல் பக்கமே தலை வைக்க முடியாது என்று அடித்துச் சொல்பவரும் உண்டு. மூன்றும் தவறு.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் பெரியப்பா. பினாங்கின் நிலப்பரப்புப் பகுதியான செபராங் பிறையின் தெற்குப் பக்கத்தில், இரண்டு ஏக்கருக்கும் குறைவான நிலத்தில் வெண்டை, பயற்றங்காய், கங்கோங் போடுகிறார். எழுபதை நெருங்கும் வயது. தீபாவளிக்குப் போயிருந்தபோது சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே, "அடுத்த எலெக்‌ஷன்ல நிக்கப் போறேன்டா, பார்லிமெண்டுக்கு" என்றார். "டெபாசிட்டும் போகும், மானமும் போகும்" என்றார் பெரியம்மா. வீட்டில் யாரும் அதற்கு மேல் பேசவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. அன்று சாயங்காலம் அவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேசினேன். அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

எந்தக் கதவைத் தட்டுவது?

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். உங்கள் வீட்டுக் குழாய் ஒழுகினால் நீங்கள் ஆள் கூப்பிட வேண்டும். லிப்ட் நின்றுபோனால் நிர்வாகக் குழுவிடம் போக வேண்டும். வாசல் ரோட்டில் பள்ளம் விழுந்தால் அது நகராண்மைக் கழகத்தின் வேலை. மூன்றும் உங்களைத்தான் பாதிக்கின்றன, ஆனால் மூன்றுக்கும் கதவு வேறு. லிப்ட்டுக்காக நகராண்மைக் கழகத்தில் எத்தனை மனு கொடுத்தாலும் லிப்ட் ஓடாது.

மலேசிய அரசியலும் அப்படித்தான் பிரிந்திருக்கிறது. எது மத்திய அரசின் வேலை, எது மாநில அரசின் வேலை என்று கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. கல்வி, மருத்துவம், போலீஸ், குடியுரிமை எல்லாம் மத்திய அரசிடம். நிலம், காடு, ஊராட்சி ஆகியவை மாநில அரசிடம். மத்திய அரசின் வேலைகளுக்குச் சட்டம் செய்யும் இடம் நாடாளுமன்றம். மாநில அரசின் வேலைகளுக்குச் சட்டமன்றம். பினாங்கிலிருந்து நாடாளுமன்றத்துக்கு 13 பேர் போகிறார்கள். பினாங்குச் சட்டமன்றத்தில் 40 பேர் உட்காருகிறார்கள். இரண்டு பேரையும் நாம் 'ஒய்பி' (மாண்புமிகு என்பதற்கான மலாய்ச் சுருக்கம்) என்று ஒரே மாதிரி கூப்பிடுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

பெரியப்பாவின் பிரச்சினை என்ன? அவர் உழும் நிலம் அவர் பெயரில் இல்லை. அது அரசு நிலம். டி.ஓ.எல். என்ற தற்காலிக உரிமத்தில் பயிர் செய்கிறார். டி.ஓ.எல். என்பது அரசு நிலத்தைக் குறுகிய காலத்துக்குப் பயன்படுத்த நில அலுவலகம் கொடுக்கும் அனுமதி. எந்த மாதத்தில் வாங்கினாலும் அந்த வருஷம் டிசம்பர் 31-க்கு மேல் அது ஓடாது. வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. உரிமம் வைத்திருப்பவர் இறந்துவிட்டால் உரிமமும் அதோடு முடிந்தது, பிள்ளைக்கு எழுதி வைக்க வழியில்லை. முப்பது வருஷம் ஒரே மண்ணில் உழைத்த மனிதருக்கு ஒவ்வொரு ஜனவரியும் புதிதாகத் தொடங்குகிறது. கேமரன் மலையில் காய்கறி போடும் நம் மக்கள் பலரும் இதே நிலைமையில் இருந்திருக்கிறார்கள்.

நிலம் மாநில அரசின் கையில் இருக்கிறது. அப்படியானால் பெரியப்பா தட்ட வேண்டிய கதவு சட்டமன்றம். "பார்லிமெண்டுக்குப் போய் நீங்கள் உரத்துக்கு மானியம் கேட்கலாம் பெரியப்பா, ஆனால் நிலத்தை நீட்டித்துக் கொடுக்க அங்கே ஆளில்லை" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இருபது வருஷமாகத் தப்பான இடத்தில் மனு கொடுத்திருக்கிறோமே என்றுதான் யோசித்தாராம், அப்புறம் சொன்னார்.

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு இது இன்னும் புதிராக இருக்கும். செந்தூலில் இருக்கும் என் சித்தி மகன், எங்கள் சட்டமன்ற உறுப்பினர் யார் என்று ஒருமுறை கேட்டான். அவனுக்குச் சட்டமன்ற உறுப்பினரே கிடையாது. கோலாலம்பூர் 1974-இல் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானது. அதற்குச் சட்டமன்றம் இல்லை. அதனால்தான் 2018 பொதுத்தேர்தலில் பினாங்குக்காரர்கள் கையில் இரண்டு வாக்குச் சீட்டு, கோலாலம்பூர்க்காரர்கள் கையில் ஒன்று. 2022 நவம்பரில் பினாங்கு நாடாளுமன்றத்துக்கு மட்டும் ஓட்டுப் போட்டது. சட்டமன்றத்துக்கு 2023 ஆகஸ்ட் 12-இல் தனியாகப் போட்டது.

ஒரு காலத்தில் மூன்றாவது கதவும் இருந்தது, ஊராட்சித் தேர்தல். ஜார்ஜ்டவுனில் 1951-இலேயே அது நடந்தது. 1957-இல் ஜார்ஜ்டவுன் மாநகரமானபோது அதன் முதல் மேயரானவர் ஒரு தமிழர், டி.எஸ். ராமநாதன். பினாங்கில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. அந்தச் சாலையில் தினமும் வண்டி ஓட்டும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. 1965-இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது. இப்போது கவுன்சிலர்களை மாநில அரசு நியமிக்கிறது.

இதுவரை பார்த்தது இதுதான்: நிலப் பிரச்சினை மாநிலத்துக்கு உரியது, அதற்கான இடம் சட்டமன்றம், கோலாலம்பூரில் அந்தக் கதவே இல்லை. இனி டெபாசிட்டுக்கு வருவோம்.

தோட்டத்துப் பந்து விளையாட்டும் டெபாசிட்டும்

தோட்டங்களில் பந்து விளையாட்டுப் போட்டி நடத்தியவர்களுக்கு ஒரு தொல்லை தெரிந்திருக்கும். பெயர் கொடுக்கும்போது இருபது குழு வரும். விளையாட்டு நாளன்று பன்னிரண்டுதான் வரும். அட்டவணை குலைந்துபோகும். அதனால் ஏற்பாட்டாளர்கள் பெயர் கொடுக்கும்போதே ஒரு தொகை வாங்கி வைத்துக்கொள்வார்கள். வந்து விளையாடினால் பணம் திரும்பக் கிடைக்கும்.

தேர்தல் டெபாசிட்டும், அதாவது வைப்புத்தொகையும், இதே எண்ணத்தில் வந்ததுதான். உண்மையாகவே போட்டியிட வருகிறவர்தானா என்று பார்க்க, வேட்புமனுவோடு கட்டச் சொல்லும் பணம். மலேசியாவில் நாடாளுமன்றத் தொகுதிக்கு 10,000 வெள்ளி (ரிங்கிட்), சட்டமன்றத் தொகுதிக்கு 5,000 வெள்ளி. பதிவான செல்லுபடியாகும் வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு கிடைத்தால் பணம் திரும்பி வரும். அதற்குக் குறைந்தால் அரசாங்கக் கருவூலத்துக்குப் போய்விடும். ஜெயித்தவருக்கு அதில் ஒரு காசு கிடையாது. தோற்றவருக்குத் தடையும் கிடையாது. அடுத்த தேர்தலில் மறுபடியும் பணம் கட்டினால் மறுபடியும் நிற்கலாம்.

இதோடு இன்னொரு வைப்புத்தொகையும் உண்டு. கல்யாண மண்டபம் எடுக்கும்போது, குப்பையைக் கூட்டிக் கொடுத்தால் திரும்பத் தருகிறோம் என்று ஒரு தொகை வாங்குவார்களே, அது மாதிரி. கொடி, பதாகை எல்லாவற்றையும் வாக்களிப்பு முடிந்து 14 நாளுக்குள் அகற்றிவிட்டால் அது திரும்பக் கிடைக்கும். நாடாளுமன்றத்துக்கு 5,000, சட்டமன்றத்துக்கு 3,000. எத்தனை ஓட்டு விழுந்தது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆகச் சட்டமன்றத்துக்கு நிற்க பெரியப்பா கையில் 8,000 வெள்ளி வேண்டும். அவர் பயற்றங்காய்க் கணக்கு எழுதி வைத்திருந்த சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். வெண்டைக்காய் கிலோவுக்கு 4 வெள்ளி கிடைத்தால் 2,000 கிலோ. அவர் அந்தக் கணக்கை இரண்டு தடவை போட்டார். விரல் நகத்தில் இன்னும் மண் இருந்தது.

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் நாடாளுமன்றத்துக்கு நிற்க 500 பவுண்டு. இருபதில் ஒரு பங்கு வாக்கு வாங்கினால் பணம் திரும்ப வரும். இந்தியாவில் சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், அங்கே ஆறில் ஒரு பங்கு தேவை. நம் நாட்டுத் தொகை கட்சிக்குப் பெரிதில்லை, கட்சியே கட்டிவிடும். தனி மனிதனாக நிற்கும் விவசாயிக்கு அது பல மாத உழைப்பு. விளையாட்டுக்காகப் பெயர் கொடுப்பவரைத் தடுக்கும் வேலி, ஏழையையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறது.

எட்டில் ஒரு பங்கு என்றால் எவ்வளவு?

ஒரு சட்டமன்றத் தொகுதியில் செல்லாத ஓட்டுகளைக் கழித்து 24,000 வாக்குகள் பதிவாகின என்று வைத்துக்கொள்வோம். எட்டால் வகுத்தால் 3,000. ஒருவருக்கு 3,000 விழுந்தால் பணம் கைக்கு வரும். 2,999 விழுந்தால் வராது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஓட்டுத்தான், ஆனால் மறுநாள் ஒட்டுக்கடையில் ஒருவர் கௌரவமாகத் தோற்றவர், மற்றவர் டெபாசிட் இழந்தவர்.

அந்த 2,999 பேரை நினைத்துப் பாருங்கள். அது சின்னக் கூட்டமில்லை. வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு, யோசித்து ஒருவர் பெயருக்கு நேரே கோடு போட்டவர்கள். டெபாசிட் போச்சு என்று சிரிக்கும்போது அவர்களையும் சேர்த்துத்தான் சிரிக்கிறோம்.

நல்ல மனிதர் ஏன் தோற்கிறார்?

நம் தேர்தலில் யாருக்கு மற்றவர்களைவிட ஒரு ஓட்டு அதிகமோ அவரே வெற்றியாளர். பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற விதி இல்லை. இதை 'முந்தியவர் வெற்றி' முறை என்று வைத்துக்கொள்வோம். அதே 24,000 வாக்கில் முதல் கட்சிக்கு 10,000, இரண்டாவது கட்சிக்கு 9,000, மூன்றாவது கட்சிக்கு 3,500, சுயேச்சையாக நிற்கும் பெரியப்பாவுக்கு 1,500 என்று போடுவோம். எந்தக் கட்சியையும் சேராமல் நிற்பவர்தான் சுயேச்சை. 10,000 வாங்கியவர் சட்டமன்றம் போகிறார். அவரை வேண்டாம் என்றவர்கள் 14,000 பேர். ஆனாலும் வெற்றி அவருடையது.

இந்த முறை வாக்காளர் மனதிலும் வேலை செய்கிறது. "பெரியவர் நல்லவர்தான். ஆனால் அவருக்குப் போட்டால் ஓட்டு வீணாகும், வேண்டாதவன் உள்ளே வந்துடுவான்." இப்படி நூறு பேர் நினைத்தால் நூறு ஓட்டு போகும், ஆயிரம் பேர் நினைத்தால் ஆயிரம். சுயேச்சையைப் பிடிக்காமல் ஓட்டுப் போடாதவர்களைவிட, பிடித்தும் போடாமல் போனவர்கள்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. போதாததற்கு, கட்சிச் சின்னம் வருஷம் முழுக்கக் கண்ணில் படுகிறது. சுயேச்சைக்குத் தேர்தல் ஆணையத்தின் பட்டியலில் இருந்து சாவி, யானை என்று ஏதாவது ஒரு சின்னம்தான் கிடைக்கும். அதை மக்கள் மனதில் பதிய வைக்க அவருக்கு ஏறக்குறைய இரண்டு வாரம்தான் இருக்கும்.

இதற்குக் கண்முன்னால் நடந்த உதாரணம் பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதி. டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் அங்கே 1999-இல் நின்றார், தோற்றார். 2004-இலும் தோற்றார். 2008-இல், 1974 முதல் அந்தத் தொகுதியைக் கையில் வைத்திருந்த ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் சாமிவேலுவைத் தோற்கடித்தார். 2013-இல் மறுபடியும் ஜெயித்தார். இரண்டு வெற்றியும் கெஅடிலான் கட்சிச் சின்னத்தில் வந்தவை. 2018-இல் தன் சொந்தக் கட்சியான பி.எஸ்.எம். (மலேசிய சோசலிசக் கட்சி) சின்னத்தில் நின்றார். டெபாசிட் போனது. அதே தொகுதி, அதே மனிதர், ஐந்து வருஷம்தான் இடைவெளி. அவர் திடீரென்று கெட்டவராகிவிட்டாரா? சின்னம் மாறியது, போட்டி நான்குமுனையானது. டெபாசிட் ஒரு மனிதரின் தரத்தை அளக்கும் தராசு என்று நினைப்பவர்கள் இந்த ஐந்து தேர்தலையும் வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும்.

சுருக்கமாக: டெபாசிட் போவது எட்டில் ஒரு பங்கு வரவில்லை என்பதை மட்டும் சொல்கிறது. ஏன் வரவில்லை என்று அது சொல்வதில்லை. வேட்பாளர் சரியில்லாமல் இருக்கலாம், தேர்தல் முறையும் காரணமாக இருக்கலாம்.

திரும்பத் திரும்ப நிற்பவர்கள்

ஒருமுறை தோற்றும் விடாமல் அடுத்த தேர்தல், அதற்கடுத்த தேர்தல் என்று நின்றுகொண்டே இருப்பவர்களை எல்லா நாட்டிலும் பார்க்கலாம். 'தொடர் வேட்பாளர்' என்று அவர்களைச் சொல்லலாம். எல்லாரும் ஒரே ரகம் இல்லை.

அமெரிக்காவில் ஹெரால்டு ஸ்டாசென் என்று ஒருவர் இருந்தார். மினசோட்டா மாநிலத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. 1938-இல், 31 வயதிலேயே அந்த மாநில ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1945-இல் ஐ.நா. சாசனத்தில் கையெழுத்துப் போட்ட அமெரிக்கக் குழுவில் அவரும் ஒருவர். அப்புறம் அதிபர் வேட்பாளராக வேண்டும் என்று 1940-களில் தொடங்கி 1992 வரை திரும்பத் திரும்ப முயன்றார், கிடைக்கவில்லை. கடைசியில் அவர் பெயரைச் சொன்னாலே விடாமல் நிற்பவர் என்பதுதான் மக்கள் நினைவுக்கு வந்தது. இளம் ஆளுநராக அவர் செய்த வேலை பின்னால் மறைந்துபோனது. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

தமிழ்நாட்டில் மேட்டூர் பத்மராஜன் வேறு வகை. டயர் கடைக்காரர். 1988 முதல் நிற்கிறார், இருநூறு தேர்தலைத் தாண்டிவிட்டார். 'தேர்தல் மன்னன்' என்றே ஊரில் பெயர். சாதாரண மனிதனும் மனு போடலாம் என்று காட்டத்தான் நிற்கிறேன் என்பது அவர் நிலை. ஜெயிப்பது அவர் நோக்கமே இல்லை.

மூன்றாவது வகைதான் பெரியப்பாவை நிமிர்ந்து உட்கார வைத்தது. 1996-இல் ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சிச் சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள். பெரும்பாலானவர்கள் விவசாயிகள், தங்கள் குறையை யாரும் கேட்கவில்லை என்று கூட்டமாக மனு போட்டார்கள். வாக்குச் சீட்டைப் புத்தகம் மாதிரி அச்சடிக்க வேண்டியதாயிற்று, தேர்தலே ஒரு மாதம் தள்ளிப் போனது. அப்போது சட்டமன்ற டெபாசிட் வெறும் 250 ரூபாய். இப்படிக் கூட்டம் கூட்டமாக மனு வந்த பிறகு, அதே ஆண்டில் அதை 5,000 ரூபாயாக உயர்த்தினார்கள். டெபாசிட் எதற்காக இருக்கிறது என்பது இந்த ஒரு சம்பவத்தில் விளங்கும். அரசு வேலியை உயர்த்தியது, ஆனால் அதற்கு முன்னால் விவசாயிகள் சொல்ல வந்ததை நாடே கேட்டுவிட்டது.

2019-இல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் இது மறுபடியும் நடந்தது. மஞ்சளுக்கு நியாய விலையும் தனி வாரியமும் கேட்டு 170-க்கும் மேற்பட்ட விவசாயிகள் மக்களவைக்கு நின்றார்கள். மொத்தம் 185 வேட்பாளர்கள். விவசாயிகளில் ஒருவரும் ஜெயிக்கவில்லை. அங்கே உறுப்பினராக இருந்த, அப்போதைய முதலமைச்சரின் மகள் கவிதா தோற்றார். தேசிய மஞ்சள் வாரியம் 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தைத் தலைமையிடமாக வைத்தே திறக்கப்பட்டது.

ஜெயித்தே விட்டால்?

இதையும் உள்ளது உள்ளபடி அவரிடம் சொன்னேன். சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் தன் கையால் யாருக்கும் நிலம் எழுதிக் கொடுக்க முடியாது. அந்த முடிவு முதலமைச்சரும் அவருடைய ஆட்சிக் குழுவும் உட்காரும் இடத்தில் எடுக்கப்படுகிறது. ஆட்சிக் குழு என்பது மாநிலத்தின் அமைச்சரவை மாதிரி. வெளியே உட்காரும் தனி உறுப்பினருக்கு 40-இல் ஒரு குரல். அவர் கேள்வி கேட்கலாம், வரவுசெலவுத் திட்டத்தில் பேசலாம், எத்தனை டி.ஓ.எல். நிலங்கள் எத்தனை வருஷமாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கின்றன என்று எழுத்தில் பதில் வாங்கலாம். அந்தப் பதில் சட்டமன்றப் பதிவில் ஏறிவிடும், அப்புறம் யாரும் எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

"எழுத்துல வாங்கலாமா?" என்று அதை மட்டும் இரண்டாவது தடவை கேட்டார் பெரியப்பா.

வாங்கலாம் என்றேன். சட்டமன்றத்துக்கு நிற்பவர் மலேசியக் குடிமகனாக, 18 வயது நிரம்பியவராக, அந்த மாநிலத்திலேயே குடியிருப்பவராக இருக்க வேண்டும், திவாலாகியிருக்கக் கூடாது. நாடாளுமன்றத்துக்கு அந்தக் குடியிருப்பு விதி இல்லை, கெடாக்காரர் பினாங்கில் நிற்கலாம். மனுவில் முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், இருவரும் அந்தத் தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். மனு வாங்கும் நேரம் காலை 9 முதல் 10 வரை, ஒரே ஒரு மணி நேரம். பினாங்கின் அடுத்த சட்டமன்றத் தேர்தல் 2028-க்குள் வந்தாக வேண்டும்.

வழிமொழியப் பக்கத்து நிலத்துக்காரரைக் கேட்கிறேன் என்றார். முன்மொழிய, உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெரியம்மாவைப் பார்த்தார். அவர் பதில் சொல்லவில்லை, ஆனால் குழாயை நிறுத்தினார்.

"காய் ஏத்துற லாரி அஞ்சு மணிக்கே போயிடும்" என்றார் பெரியப்பா. "ஒன்பது மணிக்கு நான் சும்மாதான் இருப்பேன்."